இருபது இளங்குட்டிகள்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கே எங்கள் புனித அப்போலோனியா கோயிலின் பின்புறம் கிளம்பிய புகை, ஒஹையோ ஆற்றைத் தாண்டிப் போய், அக்கரை இந்தியானாவில் துணி காயப்போட்டிருந்த பெண்களை எல்லாம் வெளியே ஓடிவர வைத்துவிட்டது. என் மனைவி கார்மெல் கேட்டால், "ஆறு இங்கேயிருந்து பதினாலு மைல், டெல்பர்ட்" என்பாள். புகைக்கு மைல் கணக்கெல்லாம் தெரியுமா என்ன?

அப்போலோனியா பல்வலிக்காரர்களுக்குக் காவலான புனிதை. வருடத்துக்கு ஒரு முறை கிழட்டுச் செம்மறியைத் தணலில் வாட்டி ஊர்கூடித் தின்கிற கென்டக்கிக்காரர்களுக்கு வேறு யாரைப் பாதுகாவலியாகப் போட முடியும்?

என் மச்சான் அலோசியஸ் டிராக்டரிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டு இரண்டு வாரம் ஆகிவிட்டது. நாற்பது வருடமாக அவர் பின்னால் நின்று தணல் அள்ளிக்கொண்டிருந்த எனக்கு, அந்த எலும்பு முறிந்த சத்தத்தில் பதவி உயர்வு வந்தது. தணல்குழித் தலைவரின் நீளக் கைப்பிடி மண்வெட்டி என் கைக்கு வந்தது. முதல் இரவு அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டேன். கார்மெல் அதையும் என்னையும் சேர்த்து வராந்தாவுக்கு அனுப்பிவிட்டாள்.

வழக்கமாக ஆடு தருகிற வியாபாரி, இந்த வருடம் முடியாது என்று ஜூலையிலேயே கையை விரித்திருந்தார். வேறு பண்ணை பிடிக்கும் வேலையை நான் மருமகள் யோலியிடம் கொடுத்திருந்தேன். அவள் டெக்சாஸ்காரி. எங்கள் லூக்கைக் கட்டிக்கொண்டு வந்து பதினோரு மாதம். இந்தப் பதினோரு மாதத்தில் எங்கள் கோயில் பங்கில் யாரும் அவளுக்குத் தட்டு கழுவும் வேலைகூடக் கொடுத்ததில்லை. இங்கே தட்டு கழுவவே மூன்று தலைமுறைக்கு முன்பே பெயர் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

நான் வேலையைக் கொடுத்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சியில் பேஸ்பால். ஒன்பதாவது, கடைசிச் சுற்று.

"இருபது ஆடு வேணும் யோலி. நல்ல ஆடா பாத்து வாங்கு" என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வேற ஏதாச்சும் பாக்கணுமா மாமா?"

"ஆட்டுல பாக்க என்னம்மா இருக்கு?"

அவ்வளவுதான். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். நான் ஆட்டம் பார்த்தேன்.

இப்போது வெள்ளிக்கிழமை. நாளை மதியம் நாலாயிரம் பேர் வருவார்கள். (கார்மெல் எண்ணூறு என்பாள்.) ஆடுகள் இன்று மாலை ஐந்து மணிக்குக் குழியில் ஏறினால்தான் நாளை மதியம் கறி எலும்பை விட்டு இறங்கும். இடுப்பு உயரச் சுவர் கட்டிய நாற்பதடி நீளக் குழியில் ஹிக்கரி விறகு எரிந்து தணலாகிக்கொண்டிருந்தது. சுற்றி நின்ற இருபது பேரும், கையில் ஆளுக்கொரு பீர் டப்பாவும் வாயில் ஆளுக்கொரு யோசனையுமாக இருந்தார்கள்.

"அந்த மூலையில தணலைக் குறை, டெல்பர்ட்."

"குறைக்காதே, கூட்டு."

"டிப்புல வினிகர் பத்தல."

டிப் என்பது ஆட்டின் மேல் மணிக்கொரு முறை துடைப்பத்தால் பூசுகிற கறுப்புச் சாறு. அதில் என்ன இருக்கிறது என்று ஆறு பேருக்குத் தெரியும். அந்த ஆறு பேரும் ஒரே காரில் போகக் கூடாது என்று பாதிரியார் தடை போட்டிருக்கிறார்.

அலோசியஸ் மட்டும் மாவுக்கட்டுக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு, மடக்கு நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பேசாமல் இருக்கும் முன்னாள் தலைவரைப் போல ஆளைப் பயமுறுத்துவது உலகத்தில் எதுவும் இல்லை.

பதினொன்றரைக்கு வண்டி வந்தது.

ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் யோலி. காலை நாலரைக்கே கிளம்பிப் போய், பண்ணையிலிருந்து கூடவே வந்திருக்கிறாள். குதித்து இறங்கினாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். குளிர்வண்டியின் கதவைத் தானே திறந்து, வெள்ளைத் துணியைத் தானே விலக்கினாள்.

"பாருங்க மாமா!"

பார்த்தேன். இருபது பேரும் பார்த்தார்கள்.

அறுத்து உரித்து, ரோஜாப்பூ நிறத்தில், சின்னச் சின்னதாக, விரலால் தொட்டால் குழிகிற இருபது இளங்குட்டிகள்.

பீர் டப்பாக்கள் எல்லாம் பாதி வழியில் நின்றன. குழியில் ஒரு கட்டை வெடித்த சத்தம் துப்பாக்கி மாதிரி கேட்டது.

உலகத்தில் எந்த ஊரிலும் இறைச்சிக் கடைக்குப் போகிறவன் "இளசா கொடு" என்றுதான் கேட்பான். எங்கள் கவுண்டியில் மட்டும் அப்படிக் கேட்டால் வெளியூர்க்காரன் என்று அர்த்தம். ஐந்தாறு முறை ஈன்று, கோபமும் கொழுப்புமாக முற்றிப்போன கிழட்டுச் செம்மறிதான் எங்களுக்கு வேண்டும். பதினெட்டு மணி நேரப் புகைக்கும் டிப்புக்கும் அதுதான் ஈடுகொடுக்கும். இந்தக் குட்டிகளை அந்தக் குழியில் போட்டால் விடிவதற்குள் கரைந்து தணலில் விழுந்துவிடும். இது இங்கே ஞானஸ்நானத் தண்ணீர் காயாத பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதனால்தான் யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

"இது என்னது?" என்றார் அலோசியஸ், மெதுவாக.

"குட்டிங்க மாமா. எல்லாம் பால்குடி மறக்காதது. பன்னெண்டு பண்ணை ஏறி இறங்கினேன்" என்றாள் யோலி. "எங்க ஊர்ல, ஆத்தங்கரையில, பெரிய விருந்துன்னா எங்கப்பா இப்படித்தான் குட்டியா பாத்து எடுப்பாரு. முத்தின ஆட்டைப் போட்டா வந்தவங்களை அவமானப்படுத்துற மாதிரி. நம்ம வீட்டுக்குக் கிடைச்ச முதல் பொறுப்பு, அதான்..."

அப்போதுதான் அவள் எங்கள் முகங்களைப் பார்த்தாள். வாக்கியம் பாதியில் நின்றது.

"உங்கிட்ட யாராச்சும் சொன்னாங்களா, எந்த மாதிரி ஆடுன்னு?" அலோசியஸ் கேட்டார்.

அவள் கண் என் பக்கம் வந்தது. ஒரே ஒரு நொடி. பிறகு தரைக்குப் போனது.

"யாரும் சொல்லல மாமா. நான்தான் கேட்டிருக்கணும். என் தப்புதான்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். எழுபத்தொரு வயது. முப்பத்து நாலு வருடம் தபால்காரனாக வேலை பார்த்து, யாருடைய கடிதத்தையும் தவறான பெட்டியில் போடாதவன். நான் என்ன செய்தேன் தெரியுமா? மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழியின் அந்தக் கோடிக்குப் போய், குறைக்கவே தேவையில்லாத தணலைக் குறைக்க ஆரம்பித்தேன்.

நாற்பது வருடம் காத்துக் கிடைத்த மண்வெட்டி. அதை வைத்துக்கொண்டு ஒரு நாள்கூட முழுதாக நிற்கவில்லை. நான்தான் என்று சொன்னால் போய்விடும். அதுதான் அந்த நேரத்தில் என் மண்டையில் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

எங்கள் ஊரில் பிக்னிக்கில், அதாவது இந்த வருடாந்தரக் கோயில் விருந்தில், செய்த தவறு ஆளோடு ஒட்டிக்கொள்ளும். 1974இல் அண்டாவைக் கவிழ்த்த ஒருவர் "கவிழ்த்தவர்" என்ற பெயரோடுதான் புதைக்கப்பட்டார். ஹியூபர்ட் என்றால் யாருக்கும் தெரியாது. உப்பு ஹியூபர்ட் என்றால் மூன்று கவுண்டிக்குத் தெரியும். 1981இல் பர்கூ அண்டாவில் இரண்டு முறை உப்புப் போட்டவர். ஆட்டிறைச்சியும் கோழியும் சோளமும் உருளைக்கிழங்கும் போட்டுக் காய்ச்சுகிற குழம்புதான் பர்கூ. அன்று வாங்கிக் குடித்தவர்கள் ஊர்க் கிணற்றை வற்றவைத்துவிட்டார்கள்.

தணலைக் குறைத்து முடித்துவிட்டேன். பிறகு கூட்டினேன். பிறகு ஒரு வாளி எடுக்கிற சாக்கில் கோயில் மண்டபத்துக்குள் போனேன்.

மண்டபத்தில் பெண்கள் உருளைக்கிழங்கு மலையை உரித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்களில் ஹியூபர்ட் மட்டும் அங்கே. நாற்பது வருடமாக அவருக்கு அடுப்புப் பக்கம் இடமில்லை. தோல் உரிக்கும் கத்திதான்.

செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

"லூக் பொண்டாட்டியா? அந்தக் குட்டிக்காரியா?" என்று யாரோ சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

பெயர் வைத்தாயிற்று! இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

கார்மெல் சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நாற்பத்து நாலு வருடமாக என் முகத்தைப் படிக்கிறவள்; கண்ணாடி தேவையில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஹியூபர்ட் என் பக்கம் வாளியைத் தள்ளினார்.

"பாவம் அந்தப் பொண்ணு" என்றார். "இருபத்தொம்பது வயசா? அறுபது வருஷம் இழுக்கணும்."

"மறந்துருவாங்க ஹியூபர்ட்."

"என்னை மறந்தாங்களா?"

அவர் ஒரு கிழங்கைச் சுற்றிச் சுற்றி, தோல் அறுபடாமல் உரித்து முடித்தார்.

"அன்னிக்கு ரெண்டாவது தடவை உப்புப் போட்டது நான் இல்லப்பா" என்றார், அடுத்த கிழங்கை எடுத்துக்கொண்டே. மழை வரும் போலிருக்கு என்கிற மாதிரிக் குரல். "எங்கண்ணன். எல்லாரும் என்னைப் பாத்தாங்க. அவன் சொல்லுவான், சொல்லுவான்னு நின்னேன். அவன் விறகு எடுக்கப் போயிட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நல்லவன்தான். என் கொட்டகைக்குக் கூரை போட்டுக் கொடுத்தான். என் பசங்களைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சான். சாகுற வரைக்கும் எதையோ ஈடு கட்டிக்கிட்டே இருந்தான். அந்த ஒரு வார்த்தை மட்டும் வரல."

ஹியூபர்ட் என்னைப் பார்க்கவே இல்லை. என் விஷயம் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பின்னால் கேட்டபோது, "கிழங்கு உரிக்கும்போது வாய் சும்மா இருக்காது" என்றார். இதை எல்லோருக்கும் சொல்லலாமா என்றும் கேட்டேன். "சொல்லு, ஆனா அவனைத் திட்டாம சொல்லு" என்றார். திட்டவில்லை. அவன் விறகு எடுக்கப் போனான், நான் வாளி எடுக்க வந்தேன். எந்த வாயால் திட்டுவது?

வாளியை அங்கேயே போட்டுவிட்டு வெளியே வந்தேன். குழிச் சுவரின் மேல் ஏறினேன். எழுபத்தொரு வயதில் ஒரே தாவில் ஏறினேன் என்று சொல்ல ஆசை. இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள்.

"எல்லாரும் கேளுங்க!"

யோலி வண்டியின் பின்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். லூக் பக்கத்தில் நின்றுகொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் அவள் தோளைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"அந்தப் பொண்ணு என்கிட்ட கேட்டா, வேற என்ன பாக்கணும்னு. 'ஆட்டுல பாக்க என்ன இருக்கு'ன்னு நான்தான் சொன்னேன். கிழடா வேணும்னு ஒரு வார்த்தை சொல்லல. பேஸ்பால் பாத்துட்டிருந்தேன். அவ என்னைக் காட்டிக் கொடுக்கல. நான் அரை மணி நேரமா தணலைக் கிண்டிட்டு நின்னேன். பேர் வெக்கணும்னா எனக்கு வெய்யுங்க."

பிறகு அலோசியஸ் தொண்டையைச் செருமினார்.

"யாரு ஜெயிச்சா?"

"என்னது?"

"அந்த ஆட்டத்துல."

"நாமதான் தோத்தோம்."

"பின்னே, ஆட்டமும் போச்சு, ஆடும் போச்சு" என்றார். முதலில் சிரித்தது யோலி. அழுதுகொண்டே சிரித்தாள். அப்புறம் மற்றவர்கள்.

நான் இறங்கி மண்வெட்டியை அலோசியஸிடம் நீட்டினேன்.

"கை ஒடிஞ்சவன்கிட்ட நீட்டுறியே, உனக்கு வெக்கமா இல்ல?" என்றார். "யாரு தலைவர்ங்கிறதை அப்புறம் பாப்போம். மணி பன்னெண்டே கால். அஞ்சு மணிக்குக் குழியில கிழட்டு ஆடு ஏறணும். எங்கேயிருந்து வரும், அதைச் சொல்லு."

உடனே யோசனைகள் மழையாகக் கொட்டின. கோழி போடலாம் என்றார் ஒருவர். பிக்னிக்கைத் தள்ளிவைக்கலாம் என்றார் ஒருவர். குட்டிகளையே மூணு மணி நேரம் மட்டும் வாட்டி, கிழடு என்று சொல்லிவிடலாம் என்றார் ஒருவர்; அவரைப் பாதிரியார் முறைத்தார்.

எல்லோருக்கும் தெரிந்த பதிலை யாரும் சொல்லவில்லை. கடைசியில் கார்மெல்தான் மண்டபக் கதவில் வந்து நின்று சொன்னாள்.

"அர்பன் கூம்ஸ்கிட்ட போ, டெல்பர்ட்."

அர்பன் கூம்ஸ் பக்கத்துப் பங்கான புனித இசிதோரின் குழித் தலைவர். அவர்கள் பிக்னிக் அடுத்த சனிக்கிழமை. ஆடுகள் இப்போதே அவர் குளிர் அறையில் தொங்கிக்கொண்டிருக்கும். பன்னிரண்டு வருடங்களுக்கு முன், கவுண்டிச் சந்தையில் எங்கள் டிப்பை ஒரு கரண்டி வாயில் விட்டுக்கொண்டு, "இது பாத்திரம் கழுவினதா, கழுவப் போறதா?" என்று கேட்டவர் அவர். அன்றிலிருந்து நான் அவரோடு பேசியதில்லை. ஓய்வு பெறும்வரை அவர் கடிதங்களை எல்லாம் பெட்டியில் தலைகீழாகத்தான் வைத்தேன்.

"நானும் வரேன் மாமா" என்றாள் யோலி. போவதற்கு முன் லூக்கைக் கூப்பிட்டு, கையால் நீளம் காட்டி ஏதோ சொன்னாள். பற்றவைப்புப் பட்டறையில் வேலை செய்கிற அவன் இரும்புக் கம்பி எடுக்க ஓடினான்.

என் பிக்கப் வண்டியில் கிளம்பினோம். சோளக்கொல்லைகள் ஓடின.

"ஏம்மா என்னைச் சொல்லல?" என்றேன்.

"நீங்க சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

"சொல்லாம இருந்திருந்தா?"

அவள் யோசித்தாள். "உங்க வீட்டுக் காபி குடிக்கிறதை நிறுத்தியிருப்பேன்."

"அது காபியே இல்லன்னு நீ லூக்கிட்ட சொன்னது எனக்குத் தெரியும்."

"அப்ப ரெண்டு பேருக்கும் லாபம்தான்" என்றாள். அந்த நிமிடத்துக்காக ஆண்டவருக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் தகும். வண்டியை ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மூக்கைத் துடைத்தேன். தூசி என்று சொன்னேன்.

அர்பன் தன் கொட்டகை வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். ஆறடி நாலு அங்குலம். அன்று எனக்கு ஒன்பதடி.

"டெல்பர்ட் வாதன்! யாருய்யா செத்தது?"

"யாரும் சாகல. ஆடு வேணும்."

"நாளைக்கு உங்க பிக்னிக். ஆடு இல்லையா?"

"இருக்கு. வயசு பத்தல."

அவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். மாதிரிக்கு ஒரு குட்டியை எடுத்து வந்திருந்தோம். துணியை விலக்கினார். சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், கொட்டகைக் கூரையிலிருந்த புறாக்கள் டென்னசி வரை பறந்து போயிருக்கும்.

"பால் வாசனை போகல! யாரு பண்ணின வேலை இது?"

யோலி வாயைத் திறந்தாள். இந்த முறை நான் முந்திக்கொண்டேன்.

"நான்."

சிரிப்பு நின்றது. அர்பன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உன் வாயிலேர்ந்து 'நான்'னு தப்புக்கு வந்து நான் கேட்டதே இல்ல. புகை கண்ணுல பட்டாக் காத்து மேல பழி போடுற ஆளு நீ." கத்தியைத் துணியில் துடைத்தார். "இருபதையும் எடுத்துட்டுப் போ. எனக்கு எட்டு நாள் இருக்கு, என் ஆளு வேற கொண்டு வருவான்."

"அர்பன், எப்படிச் சொல்றதுன்னு தெரியல..."

"சொல்லாதே. பதிலுக்கு ஒண்ணு கேப்பேன். இப்ப இல்ல, சாயங்காலம் வந்து கேப்பேன். மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"மாமா!" யோலி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்னன்னு கேக்காமலேயா?"

"நேரம் இல்லம்மா."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்பதாவது சுற்றுக்குப் பிறகும் இந்த மனுஷன் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்கிற பார்வை. அர்பனோ அவளிடம் திரும்பி, "இந்தக் குட்டிகளை என்ன பண்ணப் போறே?" என்றார். கம்பியில் விரித்துக் கட்டித் தணலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, உப்பு மட்டும் போட்டு வாட்டுவது பற்றி அவள் சொல்லச் சொல்ல, அந்த மனிதர் ஆட்டை ஏற்றுவதைக்கூட நிறுத்திவிட்டுக் கேட்டார்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசி ஆடு குழியில் ஏறியது. கிழடென்றால் அப்படி ஒரு கிழடு. அதில் ஒன்று என்னைவிட மூத்தது என்று சத்தியம் செய்வேன். டிப் சொட்டுச் சொட்டாகத் தணலில் விழுந்து சீறியது. அந்த வாசனை வந்ததும் அலோசியஸ் கண்ணை மூடிக்கொண்டார். மண்வெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. அதை நானே சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வெறுங்கையோடு நின்றேன். கை லேசாக இருந்தது.

ஐம்பது அடி தள்ளி, யோலியின் தணல். நாங்கள் போன பிறகு லூக் கம்பிகளை நட்டு, அவள் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு குட்டிகளை விரித்துக் கட்டி நிறுத்தியிருந்தான். வந்ததிலிருந்து அவள் அங்கேயேதான். கால் மணிக்கொரு முறை கம்பியைத் திருப்பிக்கொண்டு, கையை நெருப்புக்கு நேரே நீட்டிச் சூடு பார்த்துக்கொண்டு. மேற்புறம் தேன் நிறமாகி, செம்பு நிறமாகி, விரிசல் விட்டது. அவளைச் சுற்றிலும் வழக்கம்போல யோசனை சொல்ல ஆட்கள் கூடினார்கள். ஆனால் யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. எங்கள் பங்கின் வரலாற்றில் ஒரு நெருப்பைச் சுற்றி நின்று ஆண்கள் வாய் மூடியிருந்தது அன்றுதான்.

ஆறரை மணி. வெயில் இன்னும் மேற்கே தாராளமாக இருந்தது. அவள் முதல் விலாவை அறுத்து, எனக்குக் கொடுக்கவில்லை. நேரே மண்டபத்து வாசலுக்கு நடந்து போய் ஹியூபர்ட்டிடம் கொடுத்தாள். அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று கார்மெலைத்தான் கேட்க வேண்டும். மதியம் அந்த மண்டபத்தில் ஹியூபர்ட்டுக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தவள் கார்மெல்தான், காதும் நன்றாகக் கேட்கும்.

ஹியூபர்ட் மென்றார். நின்றார். மறுபடி மென்றார்.

"எப்படி?" என்றார் அலோசியஸ்.

"பல்லுக்கு வேலையே இல்லப்பா. செட்டைக் கழட்டிப் பாக்கெட்ல வெச்சுட்டேன்."

"உப்பு?"

ஹியூபர்ட் யோலியைப் பார்த்தார். "சரியா இருக்கு" என்றார். நாற்பது வருடத்தில் உப்பைப் பற்றி அவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. மண்டபத்துப் பெண்கள் உட்பட எல்லோர் காதிலும் அவர் பதில் விழுந்தது, ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்புறம் இரண்டு குட்டிகளும் காணாமல் போன வேகத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். இன்னும் ஒரே ஒரு குட்டியை இன்றிரவு வாட்டிவிட்டு, மிச்சம் பதினேழையும் நாளை காலையிலேயே கம்பியில் ஏற்றி, தனி வரிசை போட்டு விற்பதென்று பாதிரியார் கையில் எலும்போடு அறிவித்தார். காலையில் சிரித்த பெண்களில் ஒருத்தி யோலிக்கு எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து நீட்டினாள். என் தோளில் பத்துப் பேர் தட்டினார்கள். "வாய்யா, இளங்குட்டி டெல்பர்ட்!" பெயர் விழுந்துவிட்டது. கல்லறைவரை வரும். இவ்வளவு மலிவாக ஒரு மனிதன் தப்பியதில்லை. அந்தப் பெயருக்காக நான் நன்றியோடுதான் இருக்கிறேன்.

அர்பன் கூம்ஸ் சொன்னபடி வந்திருந்தார். எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, எங்கள் டிப்பைத் தொடாமல், நாலு விலா தின்று விரலைத் துடைத்தார்.

"டெல்பர்ட், நான் ஒண்ணு கேப்பேன்னு சொன்னேனே."

"கேளு."

"அடுத்த சனிக்கிழமை உன் மருமகளை எங்க குழிக்கு அனுப்பு. தனியா தணல் போட்டுத் தர்றேன். கம்பி, விறகு, ஆளு, எல்லாம் என் பொறுப்பு. இந்த வருஷம் மட்டும் இல்ல, வருஷா வருஷம்."

சத்தம் கிளம்பியது பாருங்கள்!

"அதெப்படி? எங்க பொண்ணு அது!" அலோசியஸ் மாவுக்கட்டுக் கையை உயர்த்திக்கொண்டு எழுந்தார்.

"இசிதோர்க்காரனுக்கு எங்க ஆளைக் கொடுக்கவா?"

"ஆடு கொடுத்தா ஆளைக் கேப்பியா?"

பதினோரு மாதம் தட்டு கழுவக் கூப்பிடாதவர்கள்! அர்பன் அசரவில்லை. என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். "வார்த்தை கொடுத்திருக்கே" என்றார்.

கொடுத்துத்தான் இருந்தேன். எதற்கு என்று கேட்காமலே. கார்மெல் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். லூக் பார்த்தான்.

"நான் கொடுத்த வார்த்தை என் தலையில இருக்கட்டும் அர்பன்" என்றேன். "வேற எது கேட்டாலும் தர்றேன். இது என்னுது இல்ல. அவ அங்கதான் நிக்கிறா, அவளையே கேளு."

எல்லோரும் திரும்பினார்கள். யோலி மூன்றாவது குட்டியைக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள், அவசரப்படவில்லை.

"நாளைக்குக் கடைசித் தட்டு போற வரைக்கும் நான் இந்தக் குழிக்காரி" என்றாள். "அதுக்கப்புறம் வாங்க, பேசலாம்."

எங்கள் பக்கத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அது நிம்மதியா, பயமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அர்பன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் இன்னும் வசதியாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"கடைசித் தட்டு எத்தனை மணிக்கும்மா போகும்?"

அவள் கம்பியைத் தணலுக்குப் பக்கத்தில் ஊன்றிவிட்டு, கையை நெருப்புக்கு நேரே நீட்டிச் சூடு பார்த்தாள்.